வாசகர் கேள்வி பதில்: முகத்துவாரம் மூடினால் பெருகும் மீன்

சென்ற இதழில் லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீ பற்றி எழுதியபோது, தீ முழுவதும் அணைவதற்கு முன்பே சிலர் வலையோடு கடற்கரைக்குப் போய், சுண்டுவிரல் நீளமுள்ள மீன்களைப் பிடித்துக் காப்பாற்றினார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எனக்கும் மிகவும் பிடித்த மீன் அது, அதனால் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: மலையில் தீ, தண்ணீரில் மீன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? அது அப்படி என்ன மீன்? (வாசகர், சென்னை)

டைட்வாட்டர் கோபி என்று பெயர். நம் உளுவை மீன்களின் பெரிய கூட்டத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் முழுதாக வளர்ந்தாலே 5 சென்டிமீட்டர்தான் இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், உடம்பு பாதி ஒளி ஊடுருவும்படி இருக்கும், மணலில் அசையாமல் அமர்ந்துவிட்டால் காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. உலகத்திலேயே கலிபோர்னியாவின் கடலோரத்தில் மட்டும்தான் வாழ்கிறது. அங்கும் எல்லா இடத்திலும் கிடையாது. ஓடையும் ஆறும் கடலில் சேருகிற இடத்தில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலந்து தேங்கி நிற்கும் உப்பங்கழிகளில், பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில்தான் அதன் குடித்தனம். சார்லஸ் ஜிரார்ட் என்ற ஆய்வாளர் 1856ல் அதை முதலில் விவரித்து எழுதினார். ஆயுள் சுமார் ஒரு வருடம். இந்த ஒரு வருடக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாமே இதில்தான் வந்து நிற்கும்.

இப்போது தீ. லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீக்களில் ஒன்றான பாலிசேட்ஸ் தீ 2025 ஜனவரி 7ஆம் தேதி மூண்டது. டொபாங்கா என்ற மலைப் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வரும் ஓடை கடலைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன உப்பங்கழி இருக்கிறது, கோபிகள் அதில்தான் இருந்தன. தீ தண்ணீருக்குள் வந்து மீனைச் சுடப்போவதில்லை. ஆபத்து அதற்குப் பிறகு வரும் மழையில். சரிவிலிருந்த செடிகொடி எல்லாம் எரிந்துபோனால் மண்ணைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது, முதல் நல்ல மழையிலேயே சாம்பலும் சேறும், எரிந்த வீடுகளின் மிச்சங்களும் சேர்ந்து ஓடை வழியாக இறங்கி வந்துவிடும். அது உப்பங்கழியை மூடும், மீனின் செவுளை அடைக்கும், தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும். பல வருடம் வாழும் மீன் என்றால் ஒரு பருவம் கெட்டாலும் அடுத்ததில் குஞ்சு பொரித்துத் தேறிக்கொள்ளும். இதற்கு அந்த வசதி இல்லை. ஒரு வருடம் தவறினால் அந்த உப்பங்கழியில் கதை முடிந்தது.

அதனால்தான் மழைக்கு முன்னால் முந்திக்கொண்டார்கள். ஜனவரி 17ஆம் தேதி உயிரியலாளர்களும் தன்னார்வலர்களும் இழுவலை போட்டு 760 கோபிகளைப் பிடித்து, லாங் பீச்சிலும் சாண்டா மோனிகாவிலும் இருக்கும் மீன் காட்சியகங்களில் வைத்துப் பராமரித்தார்கள். அடுத்த சில நாட்களில் அதே ஓடையிலிருந்து ஸ்டீல்ஹெட் டிரவுட் என்ற அருகிவரும் மீன்களையும் எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளமும் சேறும் அடங்கிய பிறகு, ஜூன் மாதத்தில், 300க்கும் மேற்பட்ட கோபிகள் அதே டொபாங்கா உப்பங்கழியில் திரும்ப விடப்பட்டன. ஜூன் என்பது இனப்பெருக்கம் மும்முரமாக நடக்கிற காலம், அந்த மாதத்துக்குள் கொண்டுவந்து சேர்த்ததைத்தான் நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

கேள்வி: இந்த மீனில் ஆண்தான் முட்டையைக் காக்கிறது என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

உண்மைதான் அம்மா. கோபி வகைகள் பலவற்றில் தகப்பன்தான் காவல். இந்த மீனில் அது இன்னும் ஒரு படி மேலே போகிறது.

வசந்த காலம் முடியும் நேரத்தில் ஆண் மீன் சுத்தமான, கொஞ்சம் பருமனான மணலைத் தேர்ந்தெடுத்து ஏறக்குறைய செங்குத்தாக வளை தோண்டும். 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். அதன் உடம்பே 5 சென்டிமீட்டர்தான் என்பதை வைத்துப் பாருங்கள், தன் நீளத்தைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை மணலுக்குள் இறங்குகிறது, அதுவும் வாயால் மணலை அள்ளி அள்ளி வெளியே கொட்டி. மணல் சரியாமலிருக்க உடம்பிலிருந்து வரும் கொழகொழப்பான சளியைப் பூசிக்கொள்ளும். பெண் வந்து வளையின் சுவரிலும் கூரையிலும் ஒரு தடவைக்கு 300 முதல் 500 முட்டைகள் வரை ஒட்டிவைத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் ஆண் உள்ளேயே இருந்து 9 முதல் 11 நாள் வரை, குஞ்சு பொரிக்கும்வரை, காவல் காக்கும். அந்த நாட்களில் இரை தேட அது வெளியே வருவதே அபூர்வம்.

இதனால் என்ன ஆகிறது என்றால், முட்டையோடு வளைக்குள் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அந்தச் சமயத்தில் வேறு பெண்ணுக்குக் கிடைக்கமாட்டார்கள். பெண்ணோ ஒரு வருடத்தில் 6 முதல் 12 தடவை முட்டையிடக்கூடியது. வளை தயாராக வைத்திருக்கும் ஆணுக்குத் தட்டுப்பாடு வந்துவிடுகிறது, அதனால் பெண்கள்தான் ஆணுக்காகச் சண்டை போடுகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணின் உடம்பிலும் துடுப்பிலும் கருமை ஏறும், ஒன்றையொன்று விரட்டும், கடிக்கும். மீன் இனங்களில் பெரும்பாலும் ஆண்தான் நிறம் காட்டும், ஆண்தான் மல்லுக்கட்டும். இங்கே அது தலைகீழ். 1990களில் இதை ஆய்வாளர்கள் விரிவாகக் கவனித்துப் பதிவு செய்தார்கள். விலங்கியல் படிக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பெற்றோரில் யார் அதிக நேரம் குட்டிகளுக்குச் செலவிடுகிறார்கள் என்பது எப்படி யார் யாருக்காகப் போட்டியிடுவது என்பதைத் தீர்மானிக்கிறது என்று ஒரு தலைப்பு எடுத்தால், இந்த மீனை விடாதீர்கள். உளுவை வகைகளும் குழாய்மீன்களும் அதற்கு அருமையான உதாரணங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் முகத்துவாரம் அடைபட்டால் இறால் இல்லை, மீன் இல்லை, திறந்துவிடச் சொல்லி மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அமெரிக்காவில் அடைபட்டால்தான் மீனுக்கு நல்லது என்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். எது சரி? (வாசகர், பழவேற்காடு)

இரண்டும் சரி அண்ணா. இந்தக் கடிதத்தைப் படித்ததும்தான் முழுப் பக்கமும் எழுதவேண்டும் என்று முடிவு செய்தேன்.

கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுக்கச் சொட்டு மழை இருக்காது. வசந்தம் முடிந்து ஓடையில் நீர்வரத்து குறைந்ததும், அலை மணலைத் தள்ளித் தள்ளி ஓடையின் வாயில் ஒரு திட்டு கட்டிவிடும். கடலின் ஏற்ற இறக்கம் உள்ளே வருவது நின்றுவிடும், ஓடையிலிருந்து கசிந்து வருகிற நல்ல தண்ணீர் திட்டுக்குப் பின்னால் தேங்கும், உப்பு குறையும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும், இந்த மீன் அதிகம் காணப்படுவது 12 கிராமுக்கும் குறைவான தண்ணீரில். நீர்மட்டம் வாரக்கணக்கில் ஒரே அளவில் நிற்கும். கோபிக்கு வேண்டியது இதுதான். ஓரத்து மணலில் தோண்டிய வளை காயாது, இழுப்பு இல்லாததால் மிதந்து திரியும் பொடிக் குஞ்சு கடலுக்கு அடித்துக்கொண்டு போகாது. பிறகு குளிர்கால மழையில் ஓடை பெருகித் திட்டைத் தானே உடைத்துக்கொள்ளும். மூடுவதும் திறப்பதும் பருவத்தோடு நடக்கும்வரை பிரச்சினை இல்லை.

ஆனால் கோடையில் யாராவது மண்வெட்டியோடு வந்து திட்டை வெட்டிவிட்டால் சில மணி நேரத்தில் உப்பங்கழி வடிந்துபோகும். ஓரத்தில் முட்டையோடு இருந்த வளைகள் வெயிலில் கிடக்கும், குட்டைகளில் மாட்டிய மீனைக் கொக்கும் நாரையும் பொறுக்கிவிடும், மிச்சம் கடலுக்குப் போகும். ஏன் வெட்டுகிறார்கள் என்றால், தேங்கிய தண்ணீர் பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளத்தில் ஏறுகிறது, நாற்றம் வருகிறது, வடிகிற வேகத்தில் அலைச்சறுக்கு விளையாடலாம் என்று பல காரணம். சாண்டா குருஸ் நகரில் சான் லொரென்சோ ஆற்று முகத்தில் இது நீண்டநாள் தலைவலி. அங்கே திட்டை உடைக்காமலே நீர்மட்டம் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி, குழாய் பதித்து உபரியை மட்டும் கடலுக்கு விடுகிற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஊருக்கும் சேதமில்லை, மீனுக்கும் வளை மிஞ்சும்.

உங்கள் ஏரியின் கணக்கே வேறு. வெள்ளை இறாலும் மடவையும் முட்டையிடுவது கடலில். அவற்றின் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து ஏரியில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புபவை. வாய் அடைபட்டால் குஞ்சு உள்ளே வர வழியில்லை, வளர்ந்தது வெளியே போகவும் வழியில்லை. இன்னொன்றும் உண்டு. டொபாங்கா மாதிரி சின்ன உப்பங்கழியில் வாய் மூடினால் உப்பு குறையும் என்றேன், பழவேற்காடு அப்படியில்லை. அவ்வளவு பரந்து, ஆழமில்லாமல் கிடக்கிற நீர்ப்பரப்பில், ஆரணி ஆறும் காளங்கியும் வறண்டு கிடக்கிற கோடையில் வாய் அடைபட்டால் வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடும், ஏரி கடலைவிட உப்பாகப் போய்விடலாம். ஒரே மணல் திட்டு, அங்கே உப்பைக் குறைக்கிறது, இங்கே கூட்டுகிறது. ஆகவே உங்கள் மனுவுக்கு எதிராக யாராவது கலிபோர்னியா உதாரணத்தை எடுத்துவந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த முகத்துவாரத்தை எந்த மாதத்தில் திறப்பது என்பதை அந்தந்த நீரில் வாழும் உயிர்களின் போக்குவரத்தை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும், அது உங்களைப்போல அங்கேயே தொழில் செய்பவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: சாப்பிடுவார்களா? (வாசகர், நாகப்பட்டினம்)

மாட்டார்கள். பிடிப்பதே சட்டப்படி குற்றம். அந்த அளவு மீனில் சதையும் இல்லை. அது தின்பது பொடிக் கூனிகளையும் நீர்ப்பூச்சிப் புழுக்களையும்.

கேள்வி: ஓர் உப்பங்கழியில் அழிந்தால் பக்கத்து உப்பங்கழியிலிருந்து கடல் வழியாக வந்துவிடாதா? நடுவில் கடல்தானே இருக்கிறது? (ஆசிரியர், கடலூர்)

வரும், ஆனால் எப்போதாவதுதான். இந்த மீனுக்குக் கடல் வீடு இல்லை. உப்பு அதிகமானாலும் தாங்கும், கடல் நீரைவிட உப்பான தண்ணீரில்கூடக் கண்டிருக்கிறார்கள், இருந்தாலும் அலையடிக்கிற திறந்த கடற்கரையில் அது வாழ்வதில்லை. குளிர்கால வெள்ளத்தில் திட்டு உடையும்போது சில மீன்கள் வெளியே தள்ளப்பட்டு, கரையோரமாகவே கொஞ்ச தூரம் போய் அடுத்த ஓடையில் நுழைந்துகொள்ளும். அந்தத் தூரம் சில கிலோமீட்டர்கள்தான், நடுவில் பாறைக்கரை நீண்டு கிடந்தால் கடப்பது கஷ்டம்.

இதற்கு டொபாங்காவே நல்ல உதாரணம். அதற்கு மேற்கே மாலிபு உப்பங்கழி இருக்கிறது. அங்கே இந்த மீன் 1960கள் வாக்கில் இல்லாமல் போயிருந்தது. 1991ல் வென்சுரா ஆற்று முகத்திலிருந்து கொஞ்சம் மீனைக் கொண்டுவந்து மாலிபுவில் விட்டார்கள். அது பெருகியது, அப்புறம் சில வருடம் கழித்து யாரும் கொண்டுபோய் விடாமலே டொபாங்காவிலும் தென்பட்டது. 2025ல் காப்பாற்றியது அந்த வழியில் வந்த மீன்களின் வாரிசுகளைத்தான். டொபாங்கா உப்பங்கழி முன்பு இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது, கடலோர நெடுஞ்சாலைக்காக மண்ணைக் கொட்டி நிரப்பியதில் இவ்வளவாகச் சுருங்கிவிட்டது, அப்படியும் மீன் வந்து குடியேறியது என்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

ஓரிடத்தில் அழிவது, இன்னோரிடத்திலிருந்து வந்து நிரப்புவது, இப்படித்தான் இந்த இனம் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறது. கெவின் லாஃபர்ட்டி என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1999ல் இதைப் பற்றி எழுதினார்கள். வெள்ளம் மட்டும் இதை ஒழித்துவிடாது, ஓரத்துப் புல்லிலும் பக்கத்துத் தேக்கங்களிலும் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். இடையில் இருக்கும் உப்பங்கழிகள் காணாமல் போவதுதான் கொடுமை, வந்து நிரப்ப ஆளிருக்காது.

கேள்வி: 5 சென்டிமீட்டர் மீனுக்காக இவ்வளவு சட்டமும் செலவும் தேவையா? உண்மையிலேயே அவ்வளவு அழிந்துவிட்டதா? (வாசகர், கோவை)

1994ல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1999ல் வடக்கில் இருப்பவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்று முன்மொழிந்து, 2002ல் அதைக் கைவிட்டார்கள். 2005ல் வந்த மீட்புத் திட்டம், இந்த மீன் இருந்ததாகப் பதிவான 134 இடங்களில் 23ல் அது இப்போது இல்லை என்றும், இன்னும் பல இடங்கள் நிலைக்குமா என்று சொல்லமுடியாத அளவுக்குச் சிறுத்துவிட்டன என்றும் சொன்னது. 2014ல் ஆபத்தின் நிலையை ஒரு படி குறைக்கலாம் என்று மறுபடி ஒரு முன்மொழிவு வந்தது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது, நிலைமை ஒரே மோசமில்லை, மழை நன்றாகப் பெய்யும் வருடங்களில் எண்ணிக்கை ஏறும், தொடர் வறட்சியில் இறங்கும்.

ஆனால் 2016ல் ஒரு செய்தி வந்தது. அதுவரை ஒரே இனம் என்று நினைத்திருந்ததில், தெற்கே இருப்பது வேறு இனம் என்று மரபணுவையும் உடல் அமைப்பையும் ஒப்பிட்டு நிறுவினார்கள். அந்தத் தெற்கு இனம் இன்று எஞ்சியிருப்பது சான் டியாகோ மாவட்டத்தின் வடக்கில், கேம்ப் பென்டில்டன் என்ற ராணுவத் தளத்துக்குள் இருக்கும் ஒரு சில உப்பங்கழிகளில் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் படகுத்துறையாகவும் சாலையாகவும் வீட்டுமனையாகவும் ஆகிவிட்டன, கட்டடம் கட்டமுடியாத ராணுவ நிலத்தில் மட்டும் தப்பியிருக்கிறது. அங்கே ஒரு மோசமான வறட்சியும் ஒரு வேற்றுமீனும் சேர்ந்து வந்தால் போதும், ஓர் இனமே இல்லாமல் போய்விடும்.

வேற்றுமீன் என்று சொன்னேன் இல்லையா, அதுவும் பெரிய பாடு. மீன்பிடி விளையாட்டுக்காக விட்ட பெரியவாய் பாஸ் மீன், ஆய்வுக்கூடங்களுக்காகக் கொண்டுவந்து வெளியே தப்பிய ஆப்பிரிக்கத் தவளை, ஆசியாவிலிருந்து வந்து 1960களிலிருந்து பரவிய மஞ்சள்துடுப்பு கோபி, எல்லாமே இதைவிடப் பெரியவை, எல்லாமே இதைத் தின்கின்றன அல்லது இதன் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

தேவையா என்ற கேள்விக்கு என் பதில், தேவை. இந்த மீனுக்காகக் கழிமுகத்தைக் காத்தால் ஸ்டீல்ஹெட் குஞ்சு வளரவும் வலசைப் பறவைகள் இரையெடுக்கவும் அதே இடம் பயன்படும் என்று ஒரு வாதம் உண்டு, சரியான வாதம்தான். ஆனால் அந்த வாதம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். ஒரு சின்ன உயிர் தனக்கென்று ஒரு சின்ன இடத்தில் வாழ்கிறது, அந்த இடத்தை நிரப்பியவர்கள் நாம், அதைப் பாதுகாக்கிற செலவும் நம்முடையதுதான்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் வளர்க்க இந்த மீன் கிடைக்குமா? (மாணவர், மதுரை)

கிடைக்காது தம்பி, அனுமதி பெற்ற ஆய்வாளர்கள் மட்டும்தான் தொடமுடியும். கடைகளில் கோபி என்று விற்பவை வேறு வகைகள்.

கேள்வி: எங்கள் ஊர் கழியில் மணலோடு ஒட்டிக்கிடக்கிற குட்டி மீன்களைப் பார்க்கிறேன். அவையும் இந்தக் கூட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, மரக்காணம்)

வயிற்றைப் பாருங்கள். உளுவைக் கூட்டத்தில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப் பக்கத்து இரண்டு துடுப்புகளும் ஒன்றாக ஒட்டிச் சின்னக் கிண்ணம் மாதிரி ஆகியிருக்கும், அதை வைத்துத்தான் கல்லிலும் மணலிலும் பிடித்துக்கொண்டு உட்காரும். முதுகில் தனித்தனியாக இரண்டு துடுப்பு, கண் தலையின் மேல்பக்கமாக ஏறியிருக்கும். இந்த மூன்றும் இருந்தால் அநேகமாக இந்தக் கூட்டம்தான். ஏரியிலும் ஆற்றிலும் கிடைக்கிற நம் சாதாரண உளுவை ஒரு சாணுக்கு மேலும் வளரும், கழிமுகத்திலும் அதன் குட்டிகள் இருக்கும். அதைத் தவிர விரலளவுக்கு மேல் வளராத சின்ன வகைகளும் நம் கடலோரத்தில் நிறைய. பிச்சாவரத்துச் சேற்றில் தாவித் தாவிப் போகிற மீன்களும் இவற்றின் உறவினர்கள்தான்.

ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீரோடு எடுத்து அடியிலிருந்து பார்த்தால் அந்தக் கிண்ணத் துடுப்பு தெளிவாகத் தெரியும். அப்படியே ஒரு படம் எடுத்துவிட்டு மீனை அதே இடத்தில் விட்டுவிடுங்கள். படத்தை அனுப்பும்போது மீனின் நீளம், எந்த மாதம், முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா, தண்ணீர் உப்பா சப்பையா என்ற விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். வந்தவற்றில் நல்ல படங்களை அடுத்த இதழில் போடுகிறோம்.